அணு உலை விபத்துக்குப் பின் மலையகத்தில் கதிர்வீச்சை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கையில் அணுமின் நிலையம் எதுவும் இல்லை. ஆனால் தமிழகத்தின் தென்கோடியிலுள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்திலிருந்து கற்பிட்டிக் கரை ஏறத்தாழ 225 கிலோமீற்றரிலும், நுவரெலியா ஏறத்தாழ 360 கிலோமீற்றரிலும் இருக்கின்றன. அவ்வளவு தொலைவு போதுமே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1986 ஏப்ரலில் செர்னோபிலில் கிளம்பிய கதிரியக்கத் துகள்கள், ஐரோப்பாவின் மறுமுனையில், பிரித்தானியாவின் கம்பிரியா, வட வேல்ஸ் மலைகளில் பெய்த மழையோடு இறங்கின. அங்கு மேய்ந்த ஆடுகளின் விற்பனை மீதான கட்டுப்பாடு 2012இல்தான் முற்றாக நீக்கப்பட்டது. எங்கே எவ்வளவு படியும் என்பதைத் தூரத்தோடு மலையும் மழையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. நமக்கு அவை இரண்டும் உண்டு.

தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள், இளைஞர் கழகத்தினர், தோட்டச் சுகாதார உத்தியோகத்தர்கள் ஆகியோர் குழுவாகச் சேர்ந்து அளவெடுக்கத் தொடங்கும்போது எந்த வரிசையில் வேலையைச் செய்ய வேண்டும் என்பதையே இங்கு எழுதுகிறேன். கருவியை வாங்குவது இலகு. அது காட்டும் எண் எதனால் வந்தது என்று சொல்வதுதான் கடினம். அதற்கான விடை விபத்துக்கு முன்பே எடுத்து வைத்த பதிவில் மட்டுமே இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் வேலையில் பெரும்பகுதி, எந்தச் செய்தியும் இல்லாத சாதாரண நாட்களில் செய்ய வேண்டியது.

1. எதை அளக்கிறோம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்று அளவுகளைப் புதியவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது, ஓரிடத்தில் நிற்பவரின் உடலை ஒரு மணி நேரத்தில் வந்தடையும் கதிர்வீச்சு. இதை மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்று சொல்கிறோம். இரண்டாவது, தரை, கூரை, செருப்பு போன்றவற்றின் மேற்பரப்பில் படிந்திருக்கும் கதிரியக்கத் தூசு. மூன்றாவது, பாலிலோ கீரையிலோ தேயிலைக் கொழுந்திலோ சேர்ந்திருக்கும் கதிரியக்கம். இது கிலோகிராமுக்கு இத்தனை பெக்கரல் என்று குறிக்கப்படுகிறது.

கையில் பிடிக்கும் கருவி முதலாவதை நன்றாக அளக்கும், இரண்டாவதைத் தோராயமாகக் காட்டும், மூன்றாவதை ஏறத்தாழ அளக்கவே அளக்காது. கருவியைக் கோவாவுக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டு, எண் கூடவில்லை, சாப்பிடலாம் என்று சொல்வதே நான் அடிக்கடி காணும் தவறு. உணவுக்கான வரம்புகளைத் தாண்டிய மரக்கறியிலிருந்து வரும் கூடுதல் துடிப்புகள் (கருவியில் கதிர் படும்போது அது எண்ணும் பதிவுகள்), சுற்றிலுமுள்ள பாறையும் வானமும் தரும் வழமையான துடிப்புகளின் ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்துபோகக்கூடும். உணவைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டும். அதைப் பத்தாம் பிரிவில் பார்ப்போம்.

2. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

கருவியைப் பொறுத்தவரை, கைகர் குழாய் கொண்டதும் போதும். சீசியம் அயடைட்டுப் படிகம் கொண்டது கிடைத்தால் அது ஒரே நேரத்தில் பல மடங்கு துடிப்புகளை எண்ணுவதால் வேலை விரைவாகும். எதை வாங்கினாலும் அது மொத்தத் துடிப்பு எண்ணிக்கையைக் காட்டுகிறதா, நேரத்தோடு சேர்த்துப் பதிவை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மணிக்கு இத்தனை மைக்ரோசீவர்ட் என்ற ஒரே எண்ணை மட்டும் காட்டும் கருவி, அந்த எண் எவ்வளவு உறுதியானது என்பதை மறைத்துவிடும். ஒரு குழுவில் பல கருவிகள் இருந்தால் எல்லாம் ஒரே வகையாக இருப்பது நல்லது. கைப்பேசியின் கமராவைக் கொண்டு கதிர்வீச்சை அளப்பதாகச் சொல்லும் செயலிகள் நாம் அளக்கும் தாழ்ந்த அளவுகளுக்குப் பயன்படமாட்டா.

இவற்றோடு ஒரு மீற்றர் உயரமான தடி, கருவியைப் போட்டு மூடச் சிறிய பொலித்தீன் பைகள், மாற்றுப் பெட்டரிகள், பென்சில், தடித்த அட்டைக் கொப்பி ஆகியன தேவை. மழை நாளில் பேனா எழுதாது என்பதால்தான் பென்சில். தோட்டத்தில் மழைமானி இருந்தால் அதன் அன்றாடப் பதிவைப் பார்க்க அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் இது ஒழுங்காக எழுதப்படுகிறது. பின்னால் இந்தப் பதிவு இல்லாமல் உங்கள் எண்களில் பாதியை விளக்க முடியாது.

கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்கத் தோட்டத்து உர ஸ்டோரிலேயே ஒரு பொருள் இருக்கிறது. தேயிலைக்குப் போடும் மியூரியேட் ஒஃப் பொட்டாஷ் உரத்தில் இயற்கையான பொட்டாசியம்-40 உண்டு; ஒரு கிலோகிராம் பொட்டாசியம் குளோரைட்டில் அது ஏறத்தாழ 16,000 பெக்கரல். இதனால் ஆபத்து ஒன்றும் இல்லை. மாதம் ஒருமுறை, அதே மூட்டையின் அதே பக்கத்தில் கருவியைப் பத்து நிமிடம் வைத்து எண்ணுங்கள். எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் ஏறத்தாழ ஒன்றாகவே வந்தால் கருவியை நம்பலாம். தொடர்ந்து குறைந்துகொண்டே போனால் பெட்டரியையும் குழாயையும் சந்தேகிக்க வேண்டும்.

3. ஒரு நிமிட எண்ணை நம்பாமல் இருக்கப் பழகுங்கள்

கதிரியக்கச் சிதைவு ஒழுங்கான இடைவெளியில் நடப்பதில்லை. ஆகவே எதுவும் மாறாத ஓரிடத்திலும் எண் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இது கருவியின் பழுதன்று.

ஒரு சிறிய கைகர் குழாய் சாதாரண நாளில் நிமிடத்துக்கு 25 துடிப்புகளை எண்ணுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலமான 5தான் அதில் எதிர்பார்க்கத்தக்க ஏற்ற இறக்கம். அதாவது 20 வீதம். அடுத்த நிமிடம் 31 வந்தாலும் 19 வந்தாலும் அதிசயம் இல்லை. பத்து நிமிடம் எண்ணினால் ஏறத்தாழ 250 துடிப்புகள் கிடைக்கும், வர்க்கமூலம் 16, ஏற்ற இறக்கம் 6 வீதமாகச் சுருங்கிவிடும். ஆகவே கைகர் கருவியில் ஓர் அளவு என்பது குறைந்தது பத்து நிமிடம் எண்ணியதாக இருக்கட்டும்.

இதைச் சொல்லிக் கொடுத்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் மலை ஏறிக் களைத்துப்போன ஒருவர், திரையில் 0.24 என்று தெரிந்த கணத்தில் அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். ஆகவே குழுவுக்கு ஒரே விதியை வையுங்கள்: உச்ச எண்ணை எழுதக் கூடாது, தொடங்கிய நேரம், முடித்த நேரம், மொத்தத் துடிப்புகள் ஆகிய மூன்றையும் எழுத வேண்டும். சராசரியை வீட்டில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

4. அளவிடும் இடங்களைத் தெரிவு செய்யுங்கள்

இருபது இடங்களை ஒருமுறை அளப்பதைவிட நான்கு இடங்களைத் தொடர்ந்து அளப்பதே பயன்தரும். ஒரு தோட்டப் பிரிவுக்கு இவை போதும்: பாடசாலை மைதானம் அல்லது தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களம் போன்ற திறந்த வெளி ஒன்று, கொழுந்து பறிக்கும் ஒரு மலையின் நடுப்பகுதி, லயத்து வாசல், லயக் காம்பராவின் உட்பகுதி.

திறந்த வெளியே முதன்மையான இடம். சுவரிலிருந்தும் பாறையிலிருந்தும் பல மீற்றர் தள்ளி, உழாத, மண் போட்டு நிரப்பாத, புல் வளர்ந்த சமதரையாக அது இருக்க வேண்டும். பாறையும் கருங்கல் சுவரும் தாமே கதிர்வீச்சைத் தருவதோடு வானத்திலிருந்து விழுவதையும் மறைத்துவிடும் என்பதே காரணம். உர ஸ்டோருக்குப் பக்கத்தில் இடம் குறிக்காதீர்கள். மண் அரித்துப் போகும் சரிவும், மண் வந்து சேரும் கான் ஓரமும் திறந்த வெளியாக இருந்தாலும் பொருந்தா.

அந்த இடத்தில் ஒரு முளை அடித்து, தடியின் உதவியோடு கருவியைத் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில், எப்போதும் ஒரே பக்கம் பார்த்தபடி வையுங்கள். ஒரு மீற்றர் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் உயரம். பின்னால் வரும் எல்லைகள் எல்லாம் அந்த உயரத்துக்கே சொல்லப்பட்டவை. கையில் பிடித்து அளந்தால் உங்கள் உடலே ஒரு பக்கக் கதிரை மறைக்கும்.

மலையகத்தின் மேற்குச் சரிவும் கிழக்குச் சரிவும் ஒரே நாளில் ஒரே மழையைப் பெறுவதில்லை. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவப்பெயர்ச்சியில் கினிகத்தேனை, வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியா நனையும்போது பதுளையும் பசறையும் காய்ந்திருக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சியில் கிழக்குச் சரிவு நனையும். ஆகவே ஹட்டன் பக்கத்துக் குழுவொன்று பண்டாரவளை, பசறைப் பக்கத்துக் குழுவொன்றோடு தொடர்பு வைத்திருப்பது, இன்னுமொரு கருவி வாங்குவதைவிடப் பெறுமதியானது.

5. பின்புல அளவை ஒரு வருடம் எழுதுங்கள்

எந்த விபத்தும் இல்லாத நிலையில் ஓரிடத்தில் இருக்கும் அளவே பின்புலம். உலகின் பெரும்பாலான இடங்களில் அது மணிக்கு 0.05 முதல் 0.2 மைக்ரோசீவர்ட் வரை இருக்கும். கடல் மட்டத்தில் விண்ணிலிருந்து வரும் பங்கு ஏறத்தாழ 0.03, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது ஏறத்தாழ இரு மடங்கு. அதற்கு மேல் நம் மலைகளின் பாறையிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் பங்கு சேரும். ஆகவே கொழும்பில் ஒருவர் அளந்த எண்ணை உங்கள் பின்புலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் தோட்டத்துக்குள்ளேயே லயத்தின் உட்புறமும் மைதானமும் வெவ்வேறு எண்களைத் தரும். கருங்கல்லில் கட்டிய லயத்துக்குள் வெளியைவிட எண் கூடுவது இயல்பு. முதன்முறையாக அதைப் பார்ப்பவர்கள் பதறுவதும் இயல்பு.

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், நான்கு இடங்களிலும் அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் திகதி, நேரம், இடம், கருவியின் இலக்கம், எண்ணிய நிமிடங்கள், மொத்தத் துடிப்புகள், கடைசியாக மழை பெய்த நேரம், அளந்தவரின் பெயர் ஆகியன இருக்க வேண்டும். இரண்டு பருவப்பெயர்ச்சிகளையும் இடைப்பட்ட மாதங்களையும் கடந்தால்தான் அது பின்புலம் ஆகும். காய்ந்த மாதத்தில் மட்டும் அளந்த குழு, முதல் பெருமழையிலேயே விபத்து என்று கூவும்.

6. மழை எண்ணை எப்படி மாற்றுகிறது என்பதை விபத்துக்கு முன்பே கண்டுகொள்ளுங்கள்

இந்தப் பிரிவை மற்றெல்லாவற்றையும்விடக் கவனமாகப் படிக்க வேண்டும். மலையகத்தில் எழும் பொய் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கும்.

மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியத்திலிருந்து ரேடன் என்ற வாயு எப்போதும் கசிந்துகொண்டிருக்கிறது. அது சிதைந்து உண்டாகும் ஈயம்-214, பிஸ்மத்-214 ஆகியன காற்றிலுள்ள நுண்தூசில் ஒட்டிக்கொள்கின்றன. மழை அவற்றைக் கழுவித் தரைக்குக் கொண்டு வரும்போது கருவியின் எண் ஏறும். ஈயம்-214இன் அரைவாழ்வு, அதாவது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், ஏறத்தாழ 27 நிமிடம், பிஸ்மத்-214இனது ஏறத்தாழ 20 நிமிடம். ஆகவே மழை விட்டபின் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றம் ஏறத்தாழப் பாதியாகி, மூன்று மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும்.

எண்களாகவே பார்ப்போம். பின்புலம் மணிக்கு 0.15 மைக்ரோசீவர்ட் உள்ள ஒரு மைதானத்தில், பல நாள் வெயிலுக்குப் பின் பிற்பகல் இரண்டு மணிக்கு மழை கொட்டத் தொடங்குகிறது. இரண்டரைக்கு 0.19, மூன்றுக்கு 0.22. மூன்றரைக்கு மழை விடுகிறது, எண் 0.23. நான்கு மணிக்கு 0.19, நான்கரைக்கு 0.17, ஆறரைக்கு 0.15. இந்த வடிவம் உங்கள் கொப்பியில் பலமுறை பதிந்திருந்தால், செய்தி வந்த நாளில் அதே 0.23ஐக் கண்டு யாரும் நடுங்க வேண்டியதில்லை.

விபத்தின் படிவு இப்படி இறங்காது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது, அங்கிருந்து ஏறத்தாழ 230 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டோக்கியோவில் இரண்டு வடிவங்கள் பதிவாயின. 15ஆம் திகதி கதிரியக்க முகில் கடந்து சென்றபோது எண் மணிக்கு ஏறத்தாழ 0.8 மைக்ரோசீவர்ட் வரை ஏறி அன்றே பெருமளவு இறங்கியது. 21, 22ஆம் திகதிகளில் மழையோடு இறங்கியது அவ்வளவு உயரவில்லை. ஆனால் தரையிலேயே தங்கி வாரக்கணக்கில் மெதுவாகத்தான் குறைந்தது. ஏறி இறங்குவதைவிட, சிறிதாக ஏறி அங்கேயே நிற்பதுதான் மண்ணுக்கும் கொழுந்துக்கும் கெடுதியானது.

ஆகவே மழை நேரத்தில் எண் ஏறினால், மழை நின்றபின் மூன்று மணி நேரம் வரை அரைமணிக்கு ஒருமுறை தொடர்ந்து அளந்துவிட்டுப் பேசுங்கள். அந்த மூன்று மணி நேரப் பொறுமைதான் இந்த வேலையில் மிகவும் கடினமானது. பின்புலத்தின் பல மடங்காக எண் ஏறினால் மட்டும் காத்திருக்காமல் உடனே அறிவியுங்கள்.

7. செய்தி வந்ததும் செய்ய வேண்டியவை, வரிசையாக

முதலில் கருவியை எடுக்காதீர்கள், வானொலியைப் போடுங்கள். இலங்கை அணுசக்தி சபையும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சொல்வதைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அழைப்பு இலக்கம் 117. வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் அளப்பவரும் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும். யன்னலருகே வைத்த கருவியும் உபயோகமான பதிவைத் தரும்.

இரண்டாவதாக, அன்றைய பின்புலத்தை உடனே எடுத்து வையுங்கள். 360 கிலோமீற்றரை மணிக்கு 20 முதல் 30 கிலோமீற்றர் வேகக் காற்று நேராகக் கடக்க 12 முதல் 18 மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் எடுக்கும் அளவே கடைசியான சுத்தமான பதிவு. உரம், மண், கொழுந்து, குடிநீர் ஆகியவற்றின் மாதிரிகளையும் அப்போதே எடுத்து முத்திரையிட்டு வைத்தால், பின்னர் ஒப்பிட வேறெங்கும் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கும்.

மூன்றாவதாக, காற்றைப் பாருங்கள். தென்மேல் பருவப்பெயர்ச்சியில் மேற்கிலிருந்து வரும் காற்று தீவை நோக்கி வீசும். வடகீழ் பருவப்பெயர்ச்சியில் பொதுவாக எதிர்ப்பக்கம். ஆனால் காற்றின் திசை உயரத்துக்கு உயரம் மாறுபடும் என்பதால் தோட்டத்துக் கொடியைப் பார்த்து முடிவு கட்டாமல் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவிப்பையே நம்புங்கள்.

நான்காவதாக, மணிக்கு ஒருமுறை அளக்கத் தொடங்குங்கள். கருவியைப் பொலித்தீன் பையில் போட்டு மூடிவிட்டே வெளியே கொண்டு செல்லுங்கள். கருவியின் மேல் தூசு படிந்துவிட்டால் அது எங்கே போனாலும் தன் மேலுள்ள அழுக்கையே அளக்கும். ஒவ்வொரு முறையும் பையை மாற்றி, பையோடும் பையின்றியும் எண் ஒன்றுதானா என்று வீட்டுக்குள் பாருங்கள். எண் ஏறியிருக்கும் வேளையில் மழையில் நனைந்தபடி அளக்க வேண்டாம். வெளியே போட்ட உடையையும் செருப்பையும் வாசலிலேயே விட்டுவிட்டுக் கைகால் கழுவிய பின் உள்ளே செல்லுங்கள். சிறுவர்களையும் கர்ப்பிணிகளையும் இந்த வேலையில் சேர்க்காதீர்கள்.

அயடின் மாத்திரையைச் சுகாதார அதிகாரிகள் சொன்னால் மட்டும், சொன்ன அளவில் மட்டும் எடுக்க வேண்டும். அயடின் சேர்த்த உப்பைக் கூடுதலாகச் சாப்பிடுவதால் பயன் இல்லை. 2011இல் சீனாவில் மக்கள் உப்பு மூட்டைகளுக்கு அலைமோதியது வீண் அலைச்சலாகவே முடிந்தது. புண்ணுக்குப் போடும் அயடினைக் குடிப்பது ஆபத்து.

8. எண்ணை எப்படி வாசிப்பது

திரையில் தெரியும் எண்ணிலிருந்து உங்கள் பின்புலத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் பேச வேண்டிய எண். சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் செயற்பாட்டு எல்லைகள் தரைக்கு ஒரு மீற்றர் மேலான அளவுக்குச் சொல்லப்பட்டவை. மணிக்கு 1,000 மைக்ரோசீவர்ட் என்பது உடனடிப் பாதுகாப்பு நடவடிக்கைக்கானது. உலை நின்ற முதல் பத்து நாட்களில் 100, அதன் பின் 25 என்பது மக்களை அங்கிருந்து இடம்மாற்றுவதற்கானது. பின்புலத்துக்கு மேல் 1 என்பது, அப்பகுதியில் விளைந்த உணவு, பால், மழைநீர் ஆகியவற்றைச் சோதிக்கும்வரை நிறுத்தி வைப்பதற்கானது. இம்முடிவுகளை எடுப்பது அதிகாரிகளே. நமது வேலை சரியான எண்ணை அவர்களிடம் சேர்ப்பது.

நமது தொலைவுக்கு 1,000, 100 என்ற எண்கள் எட்டத்தக்கவையாகத் தோன்றவில்லை. கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி எல்லையும் அதற்குக் கீழுள்ளதும்தான். 2011இல் ஃபுகுஷிமாவிலிருந்து ஏறத்தாழ 360 கிலோமீற்றர் தள்ளியுள்ள, தேயிலை விளையும் ஷிசுவோகாவில், வெளியே மனிதரைத் தாக்கக்கூடிய அளவு கதிர்வீச்சு இல்லாத நிலையிலும், காய்ந்த தேயிலை சில கிலோகிராமுக்கு 500 பெக்கரல் என்ற அன்றைய வரம்பைத் தாண்டின. கருவியில் எண் சிறிதாக இருக்கிறது என்பது கொழுந்துக்குக் கொடுக்கும் சான்றிதழ் ஆகாது.

நாள் கணக்கில் எண் குறையும் விதமும் செய்தி சொல்லும். அயடின்-131இன் அரைவாழ்வு 8 நாள். சீசியம்-134இனது ஏறத்தாழ 2 வருடம். சீசியம்-137இனது ஏறத்தாழ 30 வருடம். முதல் வாரங்களில் வேகமாகக் குறைந்து, பின் ஒரு மட்டத்தில் எண் நின்றுவிட்டால், மிஞ்சியிருப்பது பெரும்பாலும் சீசியம்.

9. நீர் வழியும் பாதையில் படிவைத் தேடுங்கள்

எண் பின்புலத்துக்கு மேல் நிலைத்துவிட்டால் அடுத்தது தோட்டத்துக்குள் எங்கே கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. சீசியம் களிமண்ணில் இறுக ஒட்டிக்கொள்ளும். மழைநீர் அந்த மண்ணை எங்கே கொண்டு சேர்க்கிறதோ அங்கே அதுவும் சேரும்.

ஆகவே தகரக் கூரையின் பீலி கொட்டும் இடம், கான்களின் திருப்பம், பாசி படர்ந்த சுவர், படிக்கட்டின் அடி, மரத்தடிச் சருகு ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். முதலில் ஒரு மீற்றரில், பின் தரைக்கு ஒரு சென்ரிமீற்றர் மேலே அளங்கள். தரையருகே எண் பல மடங்கு கூடினால் சிறிய இடத்தில் குவிந்திருக்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒன்றானால் பரவலாகப் படிந்திருக்கிறது. தரையருகே எடுத்த எண்ணை அந்தத் தோட்டத்தின் அளவு என்று சொல்லிவிடாதீர்கள்.

பிள்ளைகள் விளையாடும் இடங்களில் அரை மீற்றர் உயரத்திலும் அளங்கள். குவிந்த இடத்தை நீங்களே தோண்டாமல், கம்பு நட்டு நாடா கட்டிவிட்டு அறிவியுங்கள்.

10. பால், நீர், மரக்கறி, கொழுந்து மாதிரிகள்

இவற்றை ஆய்வுகூடத்தில், எந்தக் கதிரியக்கப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் காமா நிறமாலைமானியால்தான் அளக்க முடியும். அந்த வசதி அணுசக்தி சபையிடம் உண்டு. உங்கள் பங்கு மாதிரியைச் சரியாக எடுப்பது. அனுப்புமுன் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்; பொதுவாக ஒரு கிலோகிராம் மரக்கறியும் இரண்டு லீற்றர் நீரும் எடுத்து வைத்தால் குறைபடாது.

முதலில் பால். புல்லில் படிந்த அயடின்-131 மாடு மேய்ந்த மறுநாளே பாலில் வரும். அது சிறுபிள்ளைகளின் தைரொயிட்டுச் சுரப்பியில் சேரும். செர்னோபிலைச் சுற்றிய பகுதிகளில் பிள்ளைகள் பாதிக்கப்பட்டதற்கு இதுவே முக்கிய வழியாக இருந்தது. செய்தி வந்த உடனேயே மாடுகளைக் கொட்டிலில் கட்டி, மூடி வைத்த பழைய தீனியைக் கொடுக்கச் சொல்வது எந்த அளவீட்டையும்விட முந்தியது.

அடுத்து நீர். பீலித் தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறதா, திறந்த ஓடையிலிருந்து வருகிறதா என்பதை எழுதுங்கள். திறந்த ஓடை மழைக்குப் பின் விரைவாக மாறும். 2011 மார்ச் 22இல் டோக்கியோவின் ஒரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் எடுத்த நீரில் அயடின்-131 கிலோகிராமுக்கு 210 பெக்கரல் இருந்தது. கைக்குழந்தைகளுக்கான அன்றைய வரம்பு 100. முந்திய நாள் தொடங்கிய மழைதான் அதைக் கொண்டு வந்தது. கூரையில் பிடித்த மழைநீரை அந்நாட்களில் குடிக்க வேண்டாம்.

மரக்கறியில் இலைகள் முந்தும்: கீரை, லீக்ஸ், கோவா. கரட்டும் உருளைக்கிழங்கும் முதல் நாட்களில் பின்னால் நிற்கும். கழுவியதா கழுவாததா என்பதைப் பையின் மேல் எழுதாவிட்டால் அந்த மாதிரி வீண்.

கொழுந்து மாதிரியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. ஷிசுவோகாவில் முகில் வந்தபோது அந்தப் பருவத்தின் கொழுந்து இன்னும் துளிர்க்கவில்லை. பழைய இலையிலும் தண்டிலும் படிந்த சீசியத்தைச் செடி உறிஞ்சி, பின்னால் வந்த துளிருக்கு அனுப்பியது. எனவே செய்தி வந்த நாளில் பறித்த கொழுந்து சுத்தமாக இருந்தது என்பது அடுத்த பறிப்புச் சுற்றுக்குப் பொருந்தாது. ஒவ்வொரு சுற்றிலும் அதே மலையிலிருந்து கொழுந்தையும், தனியாக முற்றிய இலையையும் எடுங்கள். மலையின் இலக்கம், கடைசியாகக் கவ்வாத்து வெட்டிய மாதம், சுற்று நாள், மழை ஆகியவற்றை எழுதுங்கள். கொழுந்து மடுவத்தில் பல மலைகளின் கொழுந்து கலந்துவிடும் என்பதால் அங்கிருந்து எடுக்காதீர்கள்.

பச்சைக் கொழுந்தா, தயாரித்த தேயிலையா என்பதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோகிராம் பச்சைக் கொழுந்து ஒரு கிலோகிராம் தேயிலையாகிறது. ஆகவே கிலோகிராமுக்கான பெக்கரலும் அந்த அளவுக்கு ஏறும். பச்சைக் கொழுந்தில் 100 என்பது தேயிலையில் 500 ஆகத் தெரியும். இதை அறியாமல் இரண்டு அறிக்கைகளை ஒப்பிட்டுச் சண்டை பிடிப்பது வீண் வேலை.

மாதிரி எடுத்த திகதியும் நேரமும் எழுத்தில் இருக்க வேண்டும். அயடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடுவதால், பை ஆய்வுகூடத்தில் காத்திருந்த நாட்களைக் கணக்கிட்டுத் திருத்த அத்திகதி இல்லாமல் முடியாது.

11. மாதங்கள் கழிந்தபின்: கவ்வாத்தும் அடுப்புச் சாம்பலும்

ஜப்பானில் தேயிலைச் செடிகளைச் சாதாரணத்தைவிட ஆழமாகக் கவ்வாத்து வெட்டினார்கள். சீசியம் தங்கியிருந்த பழைய இலையும் குச்சியும் நீங்கியதால் அடுத்த வருடத்துக் கொழுந்தில் அளவு வெகுவாகக் குறைந்தது. நமது மலைகளிலும் அப்படியொரு முடிவு எடுக்கப்பட்டால், வெட்டிய மலையையும் வெட்டாத மலையையும் அருகருகே மாதிரி எடுத்துத் தொடர்ந்து ஒப்பிடுங்கள்.

ஆனால் வெட்டிய மிலாறு, அதாவது கவ்வாத்துக் குச்சிகள், எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். நம் லயங்களில் அது அடுப்புக்குப் போகிறது. விறகு எரிந்தபின் சீசியத்தின் பெரும்பகுதி சாம்பலில் தங்கும். விறகின் எடை மிகச் சிறிய சாம்பலாகச் சுருங்குவதால் செறிவு நூறு மடங்குக்கு மேலும் உயரலாம். இதனால்தான் 2011இல் ஜப்பான் விறகுக்குக் கிலோகிராமுக்கு 40 பெக்கரல் என்ற இறுக்கமான வரம்பை வைத்தது. உணவுக்கான வரம்பைவிட அது குறைவு.

ஆகவே பாதிக்கப்பட்ட மலையின் மிலாறு சோதனை முடிவு வரும்வரை அடுப்புக்குப் போகாமல் இருக்கட்டும். வீடுகளுக்கு வேறு எரிபொருள் கொடுக்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடமும் பிரதேச செயலகத்திடமும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மாற்று இல்லாமல் தடை மட்டும் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கவும் முடியாது. ஏற்கனவே எரிந்துவிட்டிருந்தால் சாம்பலை வீட்டுத் தோட்டத்துக் கீரைக்குப் போடாமல், பாத்திரம் தேய்க்கவும் எடுக்காமல், ஈரமாக்கி மூடியுள்ள வாளியில் சேர்த்து, அதன் மேல் திகதியையும் மலையின் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். கையில் பிடிக்கும் கருவியே உணவில் காட்டாததை இந்த வாளியில் சிலவேளை காட்டிவிடும். பத்து நிமிடம் எண்ணி, உர மூட்டையின் எண்ணுக்கு எதிரே கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.